மரத்துப்போன கையால் தொட்டுப் பார்த்தேன்

நான் பணி ஓய்வு பெற்ற நாளில், எங்கள் வட்டாரத்துக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் சுகாதார ஆய்வாளர் ஒருவர் தன்னுடைய கையுறையைக் கழற்றி என்னிடம் காட்டினார். உள்ளே மெத்தென்ற துணி, நடுவில் தண்ணீர் புகாத ஒரு படலம், வெளியே தோல். மழையில் ஒரு மணி நேரம் மோட்டார் சைக்கிள் ஓட்டினாலும் கை நனையாதாம். "உங்க காலத்துல மார்கழிப் பனியில எப்படிங்க சார் வண்டி ஓட்டுனீங்க? கை வெறைச்சுப் போயிராதுங்களா?" என்று கேட்டார். காலுக்குப் போடும் சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு போன கதையைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கை விறைத்துப் போனது உண்மை. அதனால் ஒருவருக்குக் கேடு நேர்ந்ததும் உண்மை. அதை என் மேலதிகாரியிடமும் சம்பந்தப்பட்டவரிடமும் தவிர வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை. எங்கள் ஊழியர் சங்க இதழுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று தம்பிகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த இளம் ஆய்வாளர் கேட்ட கேள்விக்குச் சரியான பதிலை இங்கே எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் தொழுநோய் ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்தேன். இப்போது அந்தப் பதவி தனியாக இல்லை. பொதுச் சுகாதாரத்தோடு சேர்த்துவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் அன்னூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் கூலிக்குப் போனவர்கள். அரசாங்க வேலை கிடைத்தது என்றதும் அம்மா தெருவெல்லாம் சொன்னார். என்ன வேலை என்று தெரிந்ததும் சொல்வதை நிறுத்திக்கொண்டார். "அவீகளையெல்லாம் தொடோணுமா கண்ணு?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். தொட்டால்தான் கண்டுபிடிக்க முடியும் என்றேன். பயிற்சியில் மாதக்கணக்காக நான் படித்ததன் சாரமும் அவ்வளவுதான்.

தோலில் வெளிறிய படை இருக்கிறதா என்று பார்ப்பது கண்ணின் வேலை. அதற்கு மேல் எல்லாமே கையின் வேலை. நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, திரித்த பஞ்சின் நுனியால் படையைத் தொட வேண்டும். தொட்ட இடத்தை அவர் விரலால் காட்ட வேண்டும். பிறகு நரம்பு. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரைக்கும் ஷாக் அடிக்குமே, அந்த நரம்புதான் முக்கியம். முழங்கை எலும்புக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் அது ஓடுகிறது. மூன்று விரல்களால் மெல்ல உருட்டிப் பார்த்து, தடித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். உருட்டும்போது கையைப் பார்க்கக் கூடாது, அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். வலித்தால் முகம் சொல்லிவிடும்.

கடைசியாக விரலின் பலம். உள்ளங்கையை மேல்நோக்கி வைத்துக்கொண்டு சுண்டுவிரலை வெளிப்பக்கமாக விரிக்கச் சொல்ல வேண்டும். அதை நம் விரலால் உள்நோக்கித் தள்ளிப் பார்க்க வேண்டும். அவர் விரல் எதிர்த்து நின்றால் நோயாளியின் அட்டையில் 'எஸ்' என்று எழுதுவோம். பலமாக இருக்கிறது என்று பொருள். எதிர்ப்புக் குறைந்தால் 'டபிள்யூ', பலவீனம். அசையவே இல்லையென்றால் 'பி', செயலிழந்துவிட்டது. நரம்பு கெட ஆரம்பித்த சில மாதங்களுக்குள் கண்டுபிடித்து, அதற்கென்று உள்ள தனி மாத்திரையைக் கொடுத்தால் விரலை மீட்கலாம். விட்டுவிட்டால் விரல் மடங்கிப்போகும், அப்படியே நின்றுவிடும். பல பேருக்கு இந்த நரம்பு வலியே இல்லாமல் கெடும். அதனால்தான் மாதாமாதம் பார்க்கச் சொன்னார்கள்.

எங்கள் பிரிவின் மருத்துவ அலுவலர் டாக்டர் சுகந்தி. முப்பத்தைந்து வயது இருக்கும். சத்தியமங்கலத்தில் ஒரு பழைய கட்டடத்தில் எங்கள் அலுவலகம் இருந்தது. அவர் யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. நாங்கள் பரிசோதித்து எழுதிய அட்டையை வாங்கி, படிக்காமல் மேசைமேல் கவிழ்த்து வைப்பார். பிறகு நோயாளியைத் தலையிலிருந்து கால்வரை அவரே முதலிலிருந்து பார்ப்பார். முடித்த பிறகுதான் அட்டையைத் திருப்புவார். ஒத்துப்போனால் கையெழுத்து. ஒத்துப்போகவில்லை என்றால் அட்டையை நம்மிடமே நீட்டி, "இன்னொரு தடவை பாத்துருங்க" என்பார். எங்கே தப்பு என்று சொல்லமாட்டார். தப்பு கிடைக்கும் வரைக்கும் நாம் தேட வேண்டும்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. ஒவ்வொரு நோயாளியையும் தொடுவதற்கு முன்பு கையைக் கழுவித் துண்டால் ஒற்றி, உள்ளங்கைகளைத் தேய்த்து, விரல் நுனிகளைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். பிறகுதான் தொடுவார். நோயாளிக்குச் சில்லென்று இருக்கக் கூடாது என்கிற மரியாதை என்று நான் நினைத்திருந்தேன்.

எனக்குக் கொடுத்த பகுதி அன்னூரிலிருந்து கோயமுத்தூர் போகும் வழியெங்கும் இருந்த ஊர்கள். லோன் போட்டு ஒரு பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தேன். எங்கள் தெருவுக்குள் வந்த முதல் சொந்த மோட்டார் வண்டி அதுதான். வெயில் காலத்தில் தொந்தரவில்லை. ஐப்பசியில் மழை பிடித்தால் கார்த்திகை வரைக்கும் விடாது. அது விட்டதும் பனி. உடம்புக்கு ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் இருந்தன. கைக்கு ஒன்றும் ஒத்துவரவில்லை. கம்பளிக் கையுறை போட்டால் பத்து நிமிடத்தில் நனைந்து, வெறுங்கையைவிட மோசமாகக் குளிரும். அதன்மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டினால் மழை உள்ளே வராது, ஆனால் வியர்வை வெளியே போகாது. அந்த ஈரத்திலேயே விரல் விறைக்கும். அலுவலகத்து ரப்பர் கையுறையை உள்ளே போட்டும் பார்த்தேன், பிரேக்கைப் பிடித்தால் வழுக்கியது. கடைசியில் இரண்டு ஜோடி சாக்ஸ், மேலே ஒரு பிளாஸ்டிக் பை, மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் என்று முடிவுக்கு வந்தேன். ஒரு ஜோடி நனைந்தால் மாற்றிக்கொள்ள இன்னொரு ஜோடி பைக்குள் இருக்கும். நோயாளிகளின் அட்டைகளை மட்டும் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பைகளில் சுற்றி வைத்திருப்பேன். அட்டை ஒரு நாளும் நனைந்ததில்லை. அதில் எனக்குப் பெருமைகூட உண்டு.

பால்காரர்களும் அதே ரோட்டில்தான் வருவார்கள். வெடியாலே இருட்டில் கறந்த பாலைக் கேனில் ஊற்றி, வண்டியின் இரண்டு பக்கமும் கட்டி, விடிவதற்குள் கோயமுத்தூர் போய்ச் சேர வேண்டும். லாரி டியூபை வெட்டி ஹேண்டில்பாரில் உறை மாதிரி மாட்டியிருப்பார்கள். கோவில்பாளையம் தாண்டி ஒரு டீக்கடை. அங்கே நிறுத்தியதும் டீ சொல்வதற்கு முன்னால் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: அவரவர் வண்டி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சூடான இன்ஜினில் கையைக் காட்டுவது. ஒட்ட வைத்தால் சுட்டுவிடும். அதனால் தொட்டும் தொடாமலும் வைத்து, வெடுக்கென்று எடுத்து, மறுபடி வைப்பார்கள். நானும் அப்படித்தான் செய்வேன்.

ஒரு நாள் காலையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கையை எடுக்கவில்லை. வலது உள்ளங்கையை இன்ஜின்மேல் வைத்தபடி டீக்கடைக்காரரோடு எருமை விலை பேசிக்கொண்டிருந்தார். ஒரு வாடை வந்தது. என்ன வாடை என்று எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

"ஏனுங்க, சுடலைங்களா?"

அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். தோல் வெளுத்து எழும்பியிருந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தார். "குளுருல தெரியலீங்க" என்று சொல்லிக் கையை உதறிக்கொண்டு, டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

அவர் பெயர் ஆறுச்சாமி என்று கடைக்காரர் சொன்னார். நாற்பது வயதுக்காரர். நாலைந்து ஏக்கர் தோட்டம், கிணற்றில் தண்ணீர் வற்றிப்போகவே எருமைகளை வாங்கிப் பால் ஊற்ற ஆரம்பித்தவர். எங்கள் அம்மா களை வெட்டப் போகும் தோட்டங்களைப் போன்ற ஒன்றுக்குச் சொந்தக்காரர். நான் அவரைத் தேடிப் போகவில்லை. போயிருந்தால் ஓடியிருப்பார். தினமும் அதே நேரத்துக்கு அந்தக் கடையில் போய் நின்றேன். இரண்டாவது வாரம் அவரே என் வண்டிப் பக்கம் வந்து, தாழ்ந்த குரலில், "நீங்க தோல் ஆபீசுங்களா?" என்றார். ஆமாம் என்றேன். சட்டைக் கையை மடித்துக் காட்டினார். இரண்டு கைகளிலும் படை. முதுகிலும் உண்டு என்றார்.

ஒரே ஒரு தடவை, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, பஸ் ஏறிச் சத்தியமங்கலம் வந்தார். டாக்டர் பார்த்து உறுதி செய்தார். இரண்டு வருடம் மாத்திரை, மாதம் ஒரு முறை ஆய்வாளர் கண் முன்னால் ஒரு வேளை விழுங்க வேண்டும், அப்போதே கையையும் காலையும் பரிசோதிக்க வேண்டும். மருந்தைத் தொடங்கியதுமே இது யாருக்கும் பரவாது, பாலால் பரவுகிற நோயே இல்லை என்று டாக்டர் எடுத்துச் சொன்னார். ஆறுச்சாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எனக்குப் புரியுதுங்க அம்மணி. வாங்கிக் குடிக்கறவீகளுக்கு ஆருங்க சொல்றது? ஊட்டுக்கு ஆரும் வரப்படாது. நானும் இங்க வரமாட்டேன். ரோட்ல வெச்சுக் குடுத்தா திங்கறேன்."

டாக்டர் என்னைப் பார்த்து, "செல்வராஜ், உங்களால முடியுமா?" என்றார். முடியும் என்றேன்.

டீக்கடைக்கு அரை மைல் முன்னால் ஒரு சின்னப் பாலம். மாதத்தின் முதல் திங்கட்கிழமை விடியற்காலையில் அங்கே சந்திப்பது என்று பேசிக்கொண்டோம். பால் கேனோடு அவர் நிற்பார், வீட்டிலிருந்து ஒரு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு நான் போவேன். பத்து நிமிடத்துக்கு மேல் அவரால் நிற்க முடியாது. பால் தாமதமானால் வாடிக்கை போய்விடும். வேறு பால்காரர்கள் கடந்து போனால், வண்டி ரிப்பேர் என்பது போல இரண்டு பேரும் இன்ஜினைக் குனிந்து பார்ப்போம்.

முதல் சில மாதங்கள் நன்றாகப் போயின. உள்ளங்கைப் புண் ஆறியது. அதற்கு அவருக்குத் தடிமனான துணி உறை கொடுத்து, இன்ஜினில் கையைக் காட்டக் கூடாது, கையைக் கண்ணால் பார்த்துப் பழக வேண்டும் என்று சொல்லியிருந்தேன். ஒழுங்காகக் கேட்டார். முதலில் என்னை "தம்பி" என்று கூப்பிட்டவர், எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். தெரிந்த பிறகு ஒரு மாதம் எந்தப் பெயரும் சொல்லாமல் பேசினார். அதற்கு அடுத்த மாதம் "சார்" என்றார். அந்த இடைவெளியைப் பற்றி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் கையை என் கையில் வாங்கும்போது, இறுக்கிப் பிடிக்க, தோட்டக்காரர் கையைத் தொடும் கூலிக்காரர் மகனுக்குரிய ஒரு தயக்கம் எனக்கு இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். படித்து, அரசாங்கச் சம்பளம் வாங்கிய பிறகும் அது எனக்குள் இருந்தது.

கார்த்திகையில் மழையோடு போனேன். சாக்ஸ் இரண்டு ஜோடியும் ஊறிப்போயிருந்தன. கழற்றிப் பிழிந்துவிட்டு, கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு, அவர் இடது முழங்கையைத் தடவினேன். என் விரல்கள் மரக்கட்டை மாதிரி இருந்தன. சுண்டுவிரலை விரிக்கச் சொன்னேன், விரித்தார். என் விரலால் தள்ளினேன். அவர் விரல் எதிர்த்ததா இல்லையா, உண்மையில் எனக்குத் தெரியவில்லை. விரிந்ததைக் கண்ணால் பார்த்தேன். 'எஸ்' என்று எழுதினேன்.

மாத்திரையை விழுங்கிவிட்டு அவர் சொன்னார்: "கிளட்ச்சு ரொம்ப டைட்டா இருக்குதுங்க சார். புடிச்சா கையோட வரமாட்டேங்குது."

"மழைத்தண்ணி எறங்கியிருக்கும். கேபிளுக்கு ஆயில் உடுங்க" என்றேன்.

மார்கழியில் பனி. அவர் கேபிளையே மாற்றிவிட்டதாகச் சொன்னார். அப்படியும் சரியாகவில்லையாம். வண்டி ஓட்டுகிற இரண்டு பேர் ரோட்டோரத்தில் சந்தித்தால் எப்படிப் பேசுவார்களோ அப்படித்தான் பேசினோம். டூப்ளிகேட் கேபிளைப் போட்டு ஏமாற்றியிருப்பார்கள் என்று நான் சொன்னேன். எனக்குத் தெரிந்த நல்ல மெக்கானிக் ஒருவர் இருக்கிறார் என்று, அவர் பெயரையும் கடை இருக்குமிடத்தையும் ஒரு சீட்டில் எழுதிக்கூடக் கொடுத்தேன். அட்டையில் 'எஸ்'.

தை மாதமும் பனி குறையவில்லை. என் சீட்டோடு போய் மறுபடி கேபிள் மாற்றி, அதுவும் சரியில்லையென்று மூன்றாவது கேபிளும் போட்டாயிற்று என்றார். "மெக்கானிக்கு சிரிக்கறானுங்க. பூ மாதிரி இருக்குது, உங்களுக்கு என்னங்க கேடுங்கறான்."

"உங்க வண்டி உங்களவிடப் பெரிய நோவாளி போலிருக்குங்க" என்று நான் வேடிக்கையாகச் சொன்னேன். அவரும் சிரித்தார். மூன்றாவது தடவையாக 'எஸ்' எழுதினேன்.

அந்த வாரமே மாதாந்தரக் கூட்டம். சத்தியமங்கலத்துக்கு வண்டியிலேயே போனேன். அன்னூர் தாண்டியதும் தூறல், போய்ச் சேரும் வரைக்கும் விடவில்லை. அறைக்குள் நுழைந்து, மூன்று பைகளையும் பிரித்து, நனையாத அட்டைகளை டாக்டர் முன்னால் வைத்தேன். நோயாளிகள் இல்லாத நாள் என்பதால் அவர் அட்டைகளைக் கவிழ்க்காமல் ஒவ்வொன்றாகப் படித்தார். ஆறுச்சாமியின் அட்டையில் நின்றார்.

"மூணு மாசமா எஸ், எஸ், எஸ். எத்தனை மணிக்குப் பாத்தீங்க?"

"விடியக் காலைலங்க டாக்டர். அஞ்சரை இருக்கும்."

"கை எப்படி இருந்துச்சு?"

"அவர் கை நல்லாத்தாங்க..."

"உங்க கை."

அவர் எழுந்து வந்தார். என் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைக்கச் சொன்னார். கண்ணை மூடுங்கள் என்றார். தொட்டவுடன் 'ஆமாம்' என்று சொல்ல வேண்டும். நான் ஆயிரம் பேருக்குச் செய்திருக்கும் அதே சோதனை. கண்ணை மூடிக் காத்திருந்தேன். வெளியே தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. நேரமாகவே, "ஆரம்பிக்கலீங்களா டாக்டர்?" என்று கேட்டேன்.

"நாலு தடவை தொட்டுட்டேன்" என்றார்.

கண்ணைத் திறந்தேன். பஞ்சுத் திரி என் சுண்டுவிரல் நுனியில் இருந்தது. அது அங்கே இருப்பதைப் பார்த்தேன். ஆனால் உணரவில்லை. அவர் கன்னத்தில் விரலை வைத்துப் பார்ப்பது எதற்கு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நோயாளியைச் சோதிப்பதற்கு முன்னால் அவர் தன்னைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

"அவர் கையைப் பத்தி ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டார்.

"கையைப் பத்தி ஒண்ணுமே சொல்லலைங்க டாக்டர். வண்டியைப் பத்தித்தான், கிளட்ச்சு..." என்று ஆரம்பித்தவன் என் இடது கையைப் பார்த்தேன். கிளட்ச் இடது கையில் இருக்கிறது. அதைப் பிடித்து இழுப்பது கடைசி விரல்கள். கேபிள் மூன்று தடவை மாறியது. மாறாமல் இருந்தது கை மட்டும்தான்.

டாக்டர் மோட்டார் சைக்கிள் ஓட்டாதவர். கிளட்ச் என்றால் என்ன, எந்த விரலால் எப்படிப் பிடிப்பது என்று என்னைச் செய்து காட்டச் சொன்னார். நான் செய்து காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, அட்டையை என்னிடம் நீட்டினார். "இன்னொரு தடவை பாத்துருங்க. அடுத்த மாசம் வேண்டாம். இப்பவே."

மறுநாள் காலையிலிருந்து மூன்று நாள் டீக்கடையில் நின்றேன். அவர் வரவில்லை. மூன்றாம் நாள் இன்னொரு பால்காரர் சொன்னார்: வளைவில் கியர் மாற்றும்போது கிளட்ச் பிடிக்காமல் வண்டி துள்ளி, ஆறுச்சாமி பால் கேனோடு விழுந்துவிட்டார், முட்டியில் அடி, வீட்டில் இருக்கிறார்.

வீட்டுக்கு வரக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. போகாவிட்டால் நாள் போகும், நாள் போனால் விரல் போகும். பகல் பதினோரு மணிக்கு அவருடைய தோட்டத்துக்குப் போய்ப் வேலிப் படலுக்கு வெளியே வண்டியை நிறுத்தினேன். அரசாங்கப் பையை எடுக்கவில்லை. மாத்திரையையும் பஞ்சையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் மனைவி வந்து யாரென்று கேட்டார். "கிளட்ச் கேபிள் விசயமா வந்தேனுங்க" என்றேன். பொய்தான். ஆனால் அதைவிட உண்மையான பதிலும் எனக்குத் தெரியவில்லை.

ஆறுச்சாமி நொண்டிக்கொண்டே வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது. எருமைக் கட்டுத்தரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவினேன். கைக்குட்டையால் துடைத்தேன். தேய்த்தேன். கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். அவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு அவர் இடது முழங்கையைப் பிடித்தேன். நரம்பு கயிறு மாதிரி இருந்தது. இத்தனை தடித்த நரம்பை மூன்று மாதம் நான் தடவியிருக்கிறேன். சுண்டுவிரலை விரிக்கச் சொன்னேன். மற்ற விரல்கள் விரிந்தன. சுண்டுவிரல் லேசாக மடங்கி, அப்படியே கிடந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை குழிந்திருந்தது. 'பி'.

அவரிடம் சொல்லிவிடுவது என்று வழியிலேயே முடிவு செய்திருந்தேன். "கேபிள் இல்லீங்க. கைதாங்க. நரம்பு கெட்டுப்போச்சு. நீங்க கார்த்திகைலயே எங்கிட்டச் சொல்லிட்டீங்க. நான்தான் மெக்கானிக்குகிட்ட அனுப்பிச்சேன். என் கை வெறைச்சுக் கெடந்துச்சு, தெரியாமயே எழுதிட்டேன்."

அவர் எருமையின் முதுகை வலது கையால் நீவினார்.

"நானுமே கேபிளுன்னுதானுங்க நெனச்சேன்" என்றார்.

எனக்கு ஆறுதலாக அவர் அதைச் சொன்னார் என்பது தெரிந்தது. அதை நான் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் பால்காரர், கிளட்ச் வரவில்லை என்றால் கேபிள் என்று நினைக்கலாம். கை என்று நினைப்பதற்காகச் சம்பளம் வாங்கியவன் நான்.

"இனி வருமுங்களா?" என்று கேட்டார்.

"முழுசா வரும்னு சொல்ல மாட்டேனுங்க. ஆனா இன்னைக்கே டாக்டர்கிட்ட வரோணும். நரம்புக்குன்னு தெனமும் வேற மாத்தரை, கொஞ்ச நாள் அங்கயே தங்கோணும்."

விழுந்து அடிபட்டது ஒரு விதத்தில் உதவியது. கை சுளுக்கு, வைத்தியம் பார்க்கப் போகிறார் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டார்கள். மனைவியிடம் மட்டும் அவரே அன்றைக்கு உண்மையைச் சொன்னார். நான் தூரத்தில் நின்றிருந்தேன். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. அந்தம்மா உள்ளே போய் ஒரு பையில் இரண்டு வேட்டியும் துண்டும் எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். பால் வண்டியை மச்சினர் ஓட்டினார். வாடிக்கை போகவில்லை.

அதற்குப் பிறகு ஆறு மாதம். நரம்புக்கான மாத்திரையின் அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கைக்கு எண்ணெய் தடவி, தொடையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக நீவி நிமிர்த்த வேண்டும். சுண்டுவிரல் நேராக நிற்க ஒரு சிம்பு வைத்துக் கட்ட வேண்டும். அவர் வீடு திரும்பிய பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு முறை நான் பார்த்தேன். பாலத்தில் இல்லை. அவர் கட்டுத்தரையில், பகலில். வண்டியைப் படலுக்கு உள்ளேயே நிறுத்தச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு முறையும் அந்தம்மா வெந்நீரும் துண்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். ஒவ்வொரு முறையும் அட்டையில் எழுதியது 'பி' தான். எட்டுத் தடவை எழுதினேன். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனால் அவரும் பார்த்து அதே எழுத்தைத்தான் எழுதுவார். ஒரு வார்த்தை குற்றமாகச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஆவணி மாதம். ஒன்பதாவது தடவை. வெந்நீரில் கையை நனைத்து, துடைத்து, அவர் இடது கையை என் இடது கையில் வாங்கினேன்.

"இறுக்கிப் புடிச்சுப் பாருங்க சார். நான் ஒண்ணும் ஒடஞ்சிர மாட்டேன்" என்றார் அவர்.

இறுக்கிப் பிடித்தேன். சுண்டுவிரலை விரிக்கச் சொன்னேன். கண்ணுக்கு எந்த அசைவும் தெரியவில்லை. அதனால் கண்ணை மூடிக்கொண்டேன். என் விரலை அவர் விரலின் ஓரத்தில் வைத்தேன். "தள்ளுங்க" என்றேன்.

அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வது கேட்டது. பிறகு, பிறந்த கன்று முதல் தடவை காலை உதைப்பது போல, மிக மெலிதாக ஏதோ ஒன்று என் விரலை முட்டியது. இன்னொரு தடவை தள்ளச் சொன்னேன். மறுபடி முட்டியது. மூன்றாவது தடவையும் கேட்டேன், என் கையை நம்பக் கூடாது என்பதற்காக.

கண்ணைத் திறந்து அட்டையை எடுத்தேன். எட்டு 'பி'க்களுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த கட்டத்தில் 'டபிள்யூ' என்று எழுதி, ஆறுச்சாமியிடம் காட்டினேன். என்ன எழுத்து என்று கேட்டார். பலவீனம் என்று அர்த்தம் என்றேன்.